மகன் காய்ச்சிய பிரவுன் ஏலில் நெயில் பாலிஷ் வாடை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வீட்டிலேயே பிரவுன் ஏல் பியர் காய்ச்சுகிறான். போன ஜூலையில் போட்டது நெயில் பாலிஷ் வாடை அடித்ததாம். ஏன்? இங்கே நானும் செய்து பார்க்கலாமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: சூடுதான் காரணமாக இருக்கும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும், ஜூலையில் ஏசி இல்லாத அறை 28-ஐத் தொடும், நொதிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்புவதால் வாளிக்குள் இன்னும் சில டிகிரி ஏறிவிடும், அப்போது ஈஸ்ட் எத்தில் அசிடேட்டைக் கூடுதலாக விடும். அந்த வாடைதான் அது. நம்ம ஊரில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அக்கானி (பதநீர்) வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடுகிறதே, சூட்டில் ஈஸ்ட்டின் வேகம் அப்படி.

வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஈரத் துண்டு சுற்றி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள்தான் முக்கியம். அப்புறம், 19 லிட்டருக்குச் சாக்லேட் மால்ட் 200 கிராம் போதும் (பெயர்தான் சாக்லேட், கருக வறுத்த பார்லி மால்ட் அது). அமெரிக்க பாணி வேண்டுமென்றால் கேஸ்கேட் ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் போடட்டும், எலுமிச்சைத் தோல் மணம் நிற்கும்.

நீங்கள் தக்கலையில் முயல வேண்டாம். அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டம் சொந்த உபயோகத்துக்கு வழிவிட்டது. இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம்.