வழக்குப் போடுவதற்கு முதல் மருமகளோடு கதையுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குக் கொடுக்கிற சுப்பர் விசாவில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள், நான்கு வயதுப் பேத்தி தாயோடு இருக்கிறாள், மருமகள் போன் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பம்மாவுக்குப் பேத்தியைப் பார்க்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறதாமே, ஒரு லோயரைப் பிடித்தால் கெதியாகக் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. கூடவே குளிர் ஜாக்கெட், மருத்துவக் காப்புறுதி, கோயிலுக்குப் போகிற பஸ் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை மகன் பார்த்துக்கொள்வார். முதல் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லவேண்டும். அதற்குப் பிழையான பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் உங்களுக்கு இருப்பது நீதிமன்றத்திடம் போய்க் கேட்கிற உரிமை. கேட்டால் கிடைத்தே ஆகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சிறுவர் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பெற்றோர் அல்லாத ஒருவரும் பிள்ளையோடு தொடர்பு வைத்திருக்க உத்தரவு கேட்கலாம். 2016இல் அதில் தாத்தா பாட்டியையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அப்போது எங்கள் ஆட்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டது போலக் கதைத்தார்கள். ஆனால் தீர்ப்பு எழுதும்போது நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை மட்டும்தான். உங்கள் கண்ணீரையும், நீங்கள் கடல் கடந்து வந்ததையும் அங்கே எடைபோட மாட்டார்கள்.

2001இல் சப்மன் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றும் லோயர்கள் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். கீழ் நீதிமன்றத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க உத்தரவு வாங்கிய ஒரு பாட்டி, மேன்முறையீட்டில் அதை இழந்தார். பிள்ளை யாரோடு பழகவேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெற்றோர், பொதுவாக அந்த முடிவை மதிக்கவேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அதை மாற்றவேண்டுமென்றால் முதலில் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பாட்டிக்கும் பிள்ளைக்கும் இடையில் நல்ல உறவு ஏற்கெனவே இருந்ததா? பெற்றோரின் முடிவால் அந்த உறவு கெடுகிறதா? அவர்கள் காரணமே இல்லாமல் மறுக்கிறார்களா?

முதல் கேள்வியைக் கவனியுங்கள். ஊரில் இருந்து வீடியோவில் பார்த்த பேத்தியோடு உறவு "ஏற்கெனவே இருந்தது" என்று காட்டுவது உங்களைப் போல் புதிதாக வந்தவருக்குக் கஷ்டம். பேத்தி பிறந்தபோது வந்து ஆறு மாதம் நின்றதாகச் சொல்கிறீர்கள், கிழமை தவறாமல் அவளோடு கதைத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களையும் அழைப்பு விவரங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பி வழக்குக்கு இறங்காதீர்கள். விவாகரத்து வழக்கே நடந்துகொண்டிருந்தால் அதற்குள் நுழைய நீங்கள் நீதிமன்றத்தின் அனுமதியையும் முதலில் வாங்கவேண்டும்.

பாரிஸில் இருக்கும் உங்கள் உறவினர்தான் "உரிமை இருக்கு, விடாதே" என்றாராம். அவர் அங்கத்தைய சட்டத்தைச் சொல்கிறார். பிரான்சின் சிவில் சட்டக் கோவையில் 371-4 என்று ஒரு பிரிவு இருக்கிறது. தாத்தா பாட்டியோடு உறவு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை, பிள்ளையின் நலன் ஒன்றுதான் அதற்குக் குறுக்கே நிற்கலாம் என்கிறது அது. ஜெர்மனியிலும் தாத்தா பாட்டிக்கு உரிமை உண்டு, ஆனால் பிள்ளைக்கு நன்மை என்றால் மட்டும். இங்கே பக்கத்தில் கியூபெக் மாகாணத்துக்கே வேறு சிவில் கோவை. ஒரு குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறது, ஆளாளுக்குத் தன் நாட்டுச் சட்டத்தை மற்றவருக்குப் புத்தியாகச் சொல்கிறார்கள். இதனால் கெட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். லோயரின் கடிதம் ஒன்று போனால் மருமகள் பயந்து வழிக்கு வருவாள் என்று கோயில் மண்டபத்தில் உங்களுக்குச் சொல்வார்கள். வரமாட்டாள். கடிதம் கிடைத்த அன்றே அவளும் ஒரு லோயரைப் பிடிப்பாள், பிறகு எல்லாக் கதையும் அவர் வழியாகத்தான்.

பேத்தியின் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கவேண்டாம். தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற எண்ணமே வரக்கூடாது. இங்கே உடனே பொலிஸ் வரும், அது பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். வட்ஸ்அப் குழுவில் மருமகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். வழக்குப் போட்டால் விசா நீளும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 2022 ஜூலையில் இருந்து சுப்பர் விசாவில் ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். அவசரப்பட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். பிள்ளையோடு இருக்க அவருக்கென்று நேரம் குறித்திருக்கிறார்களா? குறித்திருந்தால், உத்தரவில் வேறு கட்டுப்பாடு இல்லாதவரை, அந்த நேரத்தில் அப்பம்மா பக்கத்தில் இருப்பதற்குத் தனியாக வழக்குத் தேவையில்லை. குறிக்கவில்லை என்றால் முதலில் அலையவேண்டியது தகப்பன். தன் நேரத்தைக் கேட்கப் பஞ்சிப்பட்டுக்கொண்டு தாயை முன்னுக்குத் தள்ளிவிடுகிற ஆண்பிள்ளைகள் எங்களுக்குள் அதிகம். இதைச் சொன்னால் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்வேன்.

நான் தொண்ணூறுகளில் மாசி மாதக் குளிரில் வந்தேன். மகளும் மருமகனும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். பேரனோடு நான் பேஸ்மென்டில் தனியே. கதவு தட்டுப்பட்டால் மூச்சுக் காட்டாமல் இருப்பேன். பிறகு பஸ் மாறப் பழகினேன், மருத்துவரிடம் பிள்ளையின் காய்ச்சலை ஆங்கிலத்தில் சொல்லப் பழகினேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். பேரன் சின்னவனாக இருக்கும்போதே மகளும் மருமகனும் பிரிந்தார்கள். சம்பந்தி அம்மா எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து பெல் அடிப்பார். மகள் திறக்கவேண்டாம் என்பாள்.

நான் மகளோடு கனநாள் கதைத்தேன். அவளுக்கு மாமியார் மேல் கோபமே இல்லை, பயம்தான். பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்டு அதைக் கணவனிடம் சொல்லிவிடுவார் என்ற பயம். கடைசியில் சனிக்கிழமைகளில் நூலகத்தில் சந்திக்கச் சம்மதித்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். வழக்கைப் பற்றிக் கதைக்கக்கூடாது, அப்பா பாவம் அம்மா பாவம் என்று எதுவும் சொல்லக்கூடாது, நேரத்துக்கு விடவேண்டும். சம்பந்தி அம்மா இம்மியும் மீறவில்லை. கொஞ்சக் காலத்தில் மகளே கொண்டுபோய் விடத் தொடங்கினாள். பேரன் வளர்ந்த பிறகு தானாகவே பஸ் எடுத்து அப்பம்மா வீட்டுக்குப் போனான்.

அதனால் மருமகளுக்குச் சின்னதாக ஒரு செய்தி அனுப்புங்கள். "பிள்ளையைப் பார்க்க ஆசை. எங்கே, எவ்வளவு நேரம் என்று நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பிரச்சினையைப் பற்றி ஒன்றும் கதைக்கமாட்டேன்." பதில் வராவிட்டால் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எழுதவேண்டாம். உங்கள் சம்பந்தி அம்மாவோடு கதைக்க வழி இருந்தால் அதையும் விடாதீர்கள். ஒன்றுக்கும் சரிவராவிட்டால் குடும்ப நீதிமன்றங்களில் இருக்கும் தகவல் நிலையத்துக்குப் போய் மத்தியஸ்தம் பற்றிக் கேளுங்கள், தகவல் சொல்ல அங்கே பணம் கேட்கமாட்டார்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு லோயரோடு அரை மணிநேரம் வரை இலவசமாகக் கதைக்கலாம். "ஆலோசகர்" என்று சொல்லிக்கொண்டு படிவம் நிரப்பக் காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். மகன் பிரிவு ஒப்பந்தம் எழுதுகிறார் என்றால், அப்பம்மா கிழமைக்கு ஒருநாள் வீடியோவில் பேத்தியோடு கதைக்கலாம் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று அவருடைய லோயரிடம் கேட்கச் சொல்லுங்கள்.