வாய், வளையல், விளைச்சல்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூருவில். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுவோம். வெளியே கன்னடம், தமிழ், ஆங்கிலம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, விக்கிப்பீடியா கட்டுரைகளையும் கைப்பேசிச் செயலிகளையும் படுகுக்கு மொழிபெயர்க்க ஆசை. "தனி எழுத்தே இல்லாத மொழியில் யார் படிக்கப்போகிறார்கள்?" என்கிறார் அப்பா. இந்த உழைப்புக்குப் பயன் உண்டா?
– ஒரு வாசகர், ஜாலஹள்ளி

பதில்: நிச்சயம் உண்டு, தம்பி. ஆனால் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் படுகிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பழகுங்கள். படுகுக்குள் கொண்டுபோகும் வேலை பிறகு.

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு படுகர் பாட்டி மகனோடு வந்து தங்கியிருந்தார். ஒரு மழைக்காலம் முழுவதும் சாயங்காலங்களில் அவர் சொன்ன கதைகளை நோட்டில் எழுதினேன். எனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில்தான். 'வாய்' என்பதற்கு அவர் சொன்னது என் காதில் 'பே' என்று விழுந்தது, அப்படியே எழுதினேன். வளையலுக்கும் 'பே'. விளைச்சலுக்கும் 'பே'. மறுநாள் படித்துக் காட்டியபோது பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. என் கையைப் பிடித்து, வளையலைத் தொட்டுக் காட்டி, மெதுவாகத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் கேட்டது: நாக்கு உள்ளே மடங்குகிறது. விளைச்சலுக்கு இன்னும் அதிகமாக மடங்குகிறது. கன்னட 'பளெ', 'பெளெ' இரண்டிலும் இருக்கும் ளகரம் படுகில் தேய்ந்து, தன் வளைவை மட்டும் உயிரொலியின் மேல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. நீலகிரியில் தங்கி ஆராய்ந்த எமனோ என்ற அறிஞர் 1939-லேயே இதைப் பற்றி எழுதினார். உலக மொழிகளில் மிக அரிதான ஒலி இது. இப்போது மங்கி வருகிறது என்கிறார்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள். உங்கள் வாயில் இருக்கிறதா? பாட்டி, தாத்தா யாராவது இருந்தால் அவர்கள் வாயில் இருக்கிறதா? இன்றே கேட்டுப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் படுகைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 1,33,000 பேர். அவர்களையும் கன்னடத்தின் கீழ்தான் சேர்த்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் படுகு இருக்கிறது. அதே மலையின் தோதா, கோத்தா மொழிகளின் நிலை அதைவிட மோசம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

அப்பாவின் கேள்விக்குத் துளுவே பதில். கன்னட எழுத்தில் எழுதியே துளு விக்கிப்பீடியாவைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் சோதனைத் தளத்தில் வளர்த்தார்கள். 2016-இல் அது தனிப் பதிப்பாக வெளிவந்தது. தமிழ் எழுத்தோ கன்னட எழுத்தோ, ஒன்றைத் தேர்ந்து, மடங்கும் ஒலிக்கு ஒரு புள்ளியோ கோடோ சேர்த்து, கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

ஊருக்குப் போகும்போது பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு கதையைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இறப்புச் சடங்கில் பாடுவதை ஊரார் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. ஒலியைக் கேட்டு வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழ் எழுதுங்கள். ஐந்து நிமிடக் கதைக்கு எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. நீங்கள் வீட்டிலேயே பேசுகிறவர், சீக்கிரம் முடிப்பீர்கள்.

செயலிகளுக்கு அதன்பின் வாருங்கள். 'சேமி' என்ற பொத்தானுக்குச் சொல் தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம். விதை உருளைக்கிழங்கை அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பதை ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தச் சொல்லைப் போட்டால் ஹட்டியில் இருப்பவர்களுக்கும் பொத்தான் புரியும். தமிழ் வாக்கியத்தைப் படுகுச் சொற்களால் நிரப்பினால் அவர்களே உங்களிடம் அர்த்தம் கேட்பார்கள்.

முதல் கதை முடிந்ததும் தமிழாக்கத்தை இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். தமிழை நான் திருத்தித் தருகிறேன். படுகு வரிகளையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்த மூன்று 'பே'க்களையும் நீங்கள் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.