அந்தப் படத்தில் பேசுவது யார்?

கேள்வி: 1934-இல் இலங்கையைப் பற்றி வந்த ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்படம் பார்த்தேன். வயல், மலை, உழைக்கும் மக்கள், எல்லாமே கவிதை! நம் மலேசிய ரப்பர் தோட்ட வாழ்க்கையையும் இப்படியே எடுக்க ஏன் ஒருவரும் முன்வரவில்லை? நிபோங் திபாலில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த என் பாட்டி இன்னமும் அந்தக் கதைகளைச் சொல்வார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அழகான படம்தான். சிவனொளிபாத மலை ஏறும் கூட்டத்தையும், மணியோசைக்கு நடுவே பறவை எழும்பிப் பறப்பதையும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதை இயக்கிய பேசில் ரைட் பெரிய கலைஞர். ஆனால் “இப்படியே” என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

படத்துக்குப் பணம் போட்டது தேயிலைப் பிரசார வாரியம். சரி, நல்ல படம் விளம்பரக் காசிலும் வரும். என்னை உறுத்துவது அதில் ஒலிக்கும் குரல். இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கும் வரிகள் ராபர்ட் நாக்ஸ் எழுதியவை. கண்டி அரசனிடம் ஏறக்குறைய 20 வருடம் கைதியாக இருந்த ஆங்கிலேயர். அவர் புத்தகம் வந்தது 1681-இல். இலங்கையில் தேயிலைத் தோட்டம் போட்டதோ 1867-இல். நடுவே 186 வருடம்! கொழுந்து கிள்ளக் கடல் தாண்டிப் போன நம் ஆட்களைப் பற்றி அந்த வரிகளில் ஒரு சொல் எப்படி இருக்கும்? அப்புறம் வரும் வியாபாரக் குரல்கள் சந்தை விலையைச் சொல்கின்றன. கொழுந்து கிள்ளும் பெண் தன் கதையைச் சொல்ல அந்தப் படத்தில் இடமே இல்லை.

நம் தோட்டத்தையும் அப்படி எடுத்தால் விடியற்காலைப் பனி கிடைக்கும், வரிசை மரங்கள் கிடைக்கும், மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டும் பால் கிடைக்கும். என் அம்மா இருட்டில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடியது, கைப்பிள்ளையைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தீம்பாருக்குள் (மரம் வெட்டும் காட்டுக்குள்) நுழைந்தது, மழை இறங்கினால் அன்றைய பால் போச்சே என்று பதறியது, இதெல்லாம் மரத்தைப் படம் பிடித்தால் வராது. அவரே சொன்னால்தான் வரும். அம்மா சொன்னதில் பாதியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

உங்களுக்குப் பாட்டி இருக்கிறார். யாரோ வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து, மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை எப்படி உரிப்பீர்கள், வெட்டுக்கத்தியை யார் தீட்டித் தருவார் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பதிவை எங்கள் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பாட்டி சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் போடுகிறோம்.