கம்பனிக்குத் தெரியுமா என்பதை விடுங்கள், ஜொப் கார்டில் என்ன இருக்கிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு ஆசிரியர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கார் கம்பனியின் உள்ளூர் ஏஜென்டிடம் லீசிங்கில் எடுத்த புதுக் கார், 14 மாதம் ஆகிறது, கியர்பொக்ஸ் மூன்று தரம் உதறி நின்றுவிட்டது. கடைசித் தரம் கண்டிக்குப் போகிற வழியில் 18 வளைவில், இரவு ஒன்பது மணிக்கு, உள்ளே மாமியும் பிள்ளைகளும். இந்த மொடலில் எல்லா நாட்டிலும் இதே பிழையாம், தெரிந்துகொண்டே விற்கிறார்களாம். தயாரித்த கம்பனி மேல் வழக்குப் போடலாமா, அதுவரை லீசிங் கட்டாமல் விடலாமா என்று கேட்கிறார்.

சேர், மாமி பட்ட பாடு வழக்குக்கு உதவாது. கம்பனிக்குத் தெரியும் என்பதும் பெரிதாக உதவாது. தெரிந்துதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற உற்பத்தியை நிறுத்தி வடிவத்தை மாற்றுவதை விட, முறையிட்டு வருகிறவனுக்கு மட்டும் வொறண்டியில் திருத்திக் கொடுப்பது மலிவு, வொறண்டி முடிந்த பிறகு அந்தச் செலவும் உங்கள் தலையில். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களின் பிழையுள்ள இக்னிஷன் சுவிட்சை 2006 இல் மாற்றினார்கள், பாகத்தின் இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை, அதனால் மாற்றியது வெளியே தெரியவில்லை, கார்களைத் திருப்பி அழைத்தது 2014 இல். 124 மரணங்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. அது அமெரிக்கா, அங்கே கம்பனியின் உள் ஆவணங்களை வெளியே இழுக்க வழி இருந்தது. கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் நின்றுகொண்டு வெளிநாட்டு இஞ்சினியரின் மின்னஞ்சலை எப்படி எடுப்பீர்கள்?

எடுக்கவும் தேவையில்லை. 1896 இன் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், வியாபாரி விற்ற பொருள் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும், பிழை அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது கேள்வியே இல்லை. ஆகவே உங்கள் இலக்கு ஏஜென்ட். கேள்வியும் ஒன்றுதான்: ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தது என்று எழுத்தில் இருக்கிறதா?

நீங்கள் அனுப்பிய ஜொப் கார்டுகளை, அதாவது காரைத் திருத்தக் கொடுக்கும்போது ஏஜென்டின் கவுன்டரில் எழுதிய தாள்களைப் பார்த்தேன். முதலாவதில் ‘சேர்விஸ்’, இரண்டாவதில் ‘சொஃப்ட்வெயார் அப்டேட்’, மூன்றாவதில் ‘ஜெனரல் செக்’. கியர்பொக்ஸ் என்ற சொல் ஒன்றிலும் இல்லை. கவுன்டரில் வாயால் சொன்னீர்கள், அந்தப் பிள்ளை தன் வசதிக்கு எழுதியது, நீங்கள் வாசிக்காமல் கீழே கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். இந்தக் காகிதங்களின்படி உங்கள் கார் நல்ல கார். இன்றைக்கே மூன்று சம்பவங்களையும் திகதியோடு எழுதி ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கச்சேரியில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த முறைப்பாட்டுக்கு விற்பனையிலிருந்து 3 மாதம்தான், அது போய்விட்டது.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விசயத்துக்கு வருகிறேன். லீசிங்கை நிறுத்தாதீர்கள். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், போய் வாசியுங்கள். சட்டப்படி காரை வாங்கியதும் லீசிங் கம்பனிதான், வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். காத்தான்குடிப் பக்கம் எனது கட்சிக்காரர் ஒருவர் உங்களைப் போலவே கோபத்தில் மூன்று தவணையை நிறுத்தினார். ஒருநாள் சுபஹுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. அவர்கள் அதை விற்றார்கள், விற்ற காசு கடனுக்குக் காணவில்லை, மிச்சத்துக்கு அவர் மேலேயே வழக்கு வந்தது. ஏஜென்டுக்கு எதிராக நாங்கள் போட இருந்த வழக்கு? காட்டுவதற்குக் கார் இருந்தால்தானே!

வெளிக் கராஜில் கியர்பொக்ஸைத் திறக்கவும் விடாதீர்கள். மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராகவும் இருக்கட்டும், அவர் ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும், பிழை அவரால் வந்தது என்று சொல்லி வொறண்டியை மூடிவிடுவார்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 14 மாதம் ஓடிய காரை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் பார்க்கும், மிஞ்சுவது நட்டஈடு மட்டும். அதை வாங்க எத்தனை வருசம் நீதிமன்றத் தவணைக்கு அலைய வேண்டும் என்று எனக்குத் தெரியும், என் பீஸும் அதில் சேரும். அதனால் சமாதானமாகப் போங்கள். கேட்பது திருத்தம் இல்லை, முழுப் புதுக் கியர்பொக்ஸ், அதற்குத் தனியாக இரண்டு வருச வொறண்டி, இரண்டும் எழுத்தில். வொறண்டிக் காலம் இருக்கிறபோது கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கொடுக்கும்போது ‘எல்லாம் தீர்ந்தது, இனிக் கோரிக்கை இல்லை’ என்று ஒரு தாள் நீட்டுவார்கள். புதுக் கியர்பொக்ஸின் சீரியல் இலக்கம் அந்தத் தாளில் ஏறும் வரை பேனையைத் தொடாதீர்கள்.