மாத நாவல் வாசித்தால் மட்டமா? - வாசகர் கேள்வி பதில்

முக்கூடல் வாசகி: மதியச் சாப்பாட்டுக்கு மேல் நாங்கள் ஐந்து பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவோம். ஒருத்தி மட்டும் சொளவை இறக்கி வைத்துவிட்டு மாத நாவல் வாசிப்பாள். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்போம். அவளுக்குக் குறையும் பீடியை நாலு பேரும் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவோம். பாளையங்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படிக்கும் அண்ணன் மகன் லீவுக்கு வந்தவன், "அத்தே, இதெல்லாம் குப்பை. புதுமைப்பித்தனை வாசிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. நாங்கள் வாசிப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை. விட்ட இடத்திலிருந்து நாளைக்கே தொடருங்கள்.

உங்கள் மருமகன் இரண்டு விஷயத்தை ஒன்றாக்கிச் சொல்லிவிட்டார். மாத நாவல் இலக்கியம் இல்லை என்பது ஒன்று. அது பெரும்பாலும் சரிதான். கெடு வைத்து எழுதுவது, ஒரே அமர்வில் வாசித்து முடிப்பதற்காக எழுதுவது. மனிதர்கள் அச்சில் வார்த்த மாதிரி திரும்பத் திரும்ப வருவார்கள். அதனால் வாசிக்கக் கூடாது என்பது இரண்டாவது. முதலாவது உண்மை என்பதற்காக இது உண்மையாகிவிடாது. கை ஓயாமல் வேலை செய்கிறவர்கள் காதால் மட்டும் கேட்டு, இழை அறுந்து போகாமல் பின்தொடரும்படி ஒரு கதை எழுதுவது லேசுப்பட்ட காரியமா? வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். பெயர்கள் குறைவாக, ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க வேண்டும். அத்தியாயம் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்க வேண்டும். பேர்பெற்ற நாவல்கள் பலவற்றைத் திண்ணையில் சத்தமாக வாசித்தால் பத்தாவது நிமிடம் எல்லோருக்கும் கவனம் சிதறிவிடும். அவை வேறு வேலைக்காக எழுதப்பட்டவை.

இந்தச் சண்டையும் புதிதில்லை. 1900-களின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல்கள் வந்தபோதே இதே குற்றச்சாட்டு எழுந்தது. அவற்றில் பல, ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் கதைகளைத் தழுவியவை. 1940-களில் நம் நெல்லைச் சீமைக்காரரான புதுமைப்பித்தன் கல்கியோடு மோதியதும் தழுவல் விஷயத்தில்தான். அவர் கோபம் எழுதுகிறவர்கள் மேல். வேலைக்கு நடுவே கதை கேட்கிற உங்கள் மேல் இல்லை. 'ராணி முத்து' 1969-இல் மாதம் ஒரு நாவல் என்று மலிவு விலையில் வரத் தொடங்கியபோது, பின்னால் 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற அகிலனின் நாவலும் அதே சாணித்தாளில்தான் வந்தது. தாளை வைத்துத் தரம் பிரிக்க முடியாது.

மருமகன் பக்கம் நியாயம் இருக்கும் ஓர் இடம் உண்டு, அதை மழுப்பக் கூடாது. காதல் நாவல்கள் பலவற்றில் சிவந்த நிறமுள்ளவள் நாயகி, கறுத்தவள் சூழ்ச்சிக்காரி. நாயகன் கை நீட்டி அறைவான், அதற்கும் அன்பு என்று பெயர் இருக்கும். இது நடைக்குறை இல்லை, உள்ளடக்கத்தில் இருக்கும் அழுகல். அப்படி ஒரு பக்கம் வந்தால் வாசிப்பை நிறுத்தி ஐந்து பேரும் பேசுங்கள். தனியாக வாசிக்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

சத்தமாக வாசிப்பதற்குச் சில வழிமுறைகள். அத்தியாயம் நாலைந்து பக்கம் இருக்கும், வாசிக்கப் பத்து நிமிடம் ஆகும். தொண்டை கட்டாமல் இருக்க மூன்று அத்தியாயத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அச்சில் உரையாடல் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், யார் பேசுகிறார் என்று எழுதியிருக்காது. கண்ணுக்கு அது தெரியும், காதுக்குத் தெரியாது. நாலு வரிக்கு ஒருமுறை பேசுகிறவர் பெயரை வாசிப்பவரே சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜேஷ்குமார் நாவல்களில் சம்பந்தமே இல்லாத மாதிரி இரண்டு கதைகள் மாறி மாறி ஓடி, கடைசியில் ஒன்றாகச் சேரும். அந்த வகை என்றால் ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் "இது ஆஸ்பத்திரிக் கதை", "இது லாட்ஜ் கதை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கேட்பவர்கள் குழம்புவது பாதி இதனால்தான்.

புதுமைப்பித்தனையும் விட வேண்டாம். வாரம் ஒரு சிறுகதை போதும். அவருடைய கேலியும் நம்மூர்ப் பேச்சும் சத்தமாக வாசிக்க அருமையாக இருக்கும். அடுத்த லீவுக்கு வரும்போது மருமகனையே திண்ணையில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: க்ரைம் நாவல்தான் பிடிக்கும். ஆனால் பழைய புத்தகக் கடையில் பத்து வாங்கினால் ஏழு ஏமாற்றிவிடுகிறது. நின்ற நிலையில் நல்லதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஐந்து நிமிடம் போதும். அட்டையையும் பின்னட்டை வாசகத்தையும் நம்ப வேண்டாம். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை வாசித்துவிட்டு, அந்த முடிச்சு எங்கே அவிழ்கிறதென்று பாருங்கள். கதவு தட்டப்படுகிறது, நாயகி நடுங்குகிறாள், அடுத்த அத்தியாயத்தில் கதவைத் திறந்தால் பால்காரர். இப்படி ஒரு பொய் முடிச்சை முதலிலேயே போடுகிறவர், புத்தகம் முழுக்க அதையே செய்வார். வைத்துவிடுங்கள்.

அடுத்து, நடுப்பக்கம் ஒன்றை விரியுங்கள். போலீஸ் அதிகாரி யாரிடமாவது கேள்வி கேட்கும் இடம் கிடைத்தால் நல்லது. அந்தப் பதிலில் நேரம், இடம், ஒரு பொருள் என்று ஏதாவது குறிப்பாக வருகிறதா? "ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் போச்சு சார்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் எழுத்தாளர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற அழுகையிலேயே இரண்டு பக்கம் ஓடினால் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்.

கடைசி அத்தியாயத்தைத் தொடாதீர்கள். வீட்டில் வாசிக்கும்போது ஒரு துண்டுத்தாளில், புதுப்பெயர் வரும் பக்கத்தை எழுதிக்கொண்டே போங்கள். நூறு பக்க நாவலில் குற்றவாளியின் பெயர் முப்பதாம் பக்கத்துக்குள் வந்திருக்க வேண்டும். தொண்ணூறாம் பக்கத்தில் முதன்முதலாக ஒரு சித்தப்பா வந்து "நான்தான் செய்தேன்" என்றால் அது நம்மை ஏமாற்றும் வேலை. இரண்டு மூன்று புத்தகங்களுக்கு இப்படிக் குறித்தாலே எந்த எழுத்தாளர் நியாயமாக ஆடுகிறார் என்று தெரிந்துவிடும். அப்புறம் பெயர் பார்த்தே வாங்கலாம்.

வீரவநல்லூர் வாசகர்: நெல்லையிலிருந்து தென்காசிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாவலை முடிக்கலாமா?

பதில்: நூறு பக்கத்துக்குள் இருந்தால் முடிக்கலாம். பஸ்ஸில் வாசித்தால் தலை சுற்றுகிறவர்கள் செங்கோட்டை ரயிலில் போங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகி: அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தாள் பழுப்பேறிவிட்டது, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறது, சாரல் காலத்தில் பூச்சியும் வருகிறது. எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கிழித்துச் சேர்த்த தொடர்களில் அந்தக் காலத்துப் படங்களும் விளம்பரங்களும் இருக்கும். பின்னால் நூலாக வந்த பதிப்புகளில் அவை பெரும்பாலும் கிடைக்காது.

பழுப்பை மாற்ற முடியாது. மலிவுத்தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும், தாளில் அமிலம் சேர்ந்து நொறுங்கும். நம்மால் வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். அதனால் மொட்டை மாடி வெயிலில் காயப்போடவே கூடாது. சாரல் ஓய்ந்த பிறகு, வீட்டுக்குள் நிழலில், காற்றோட்டமாக ஒரு நாள் விரித்து வைத்தால் போதும்.

பிறகு பின்களை எடுங்கள். இழுக்காதீர்கள், தாள் அதோடு வரும். பின்பக்கம் மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, முன்பக்கமாக மெதுவாகத் தூக்குங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் அதன் பசை எழுத்தின் மேல் பழுப்பாக இறங்கிவிடும். மெல்லிய வெள்ளைத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதாப் பசையைத் தொட்டும் தொடாமலும் தடவி ஒட்டுங்கள்.

பைண்டிங் செய்யக் கொடுப்பதற்கு முன் வார வரிசையை நீங்களே சரிபார்த்து, பென்சிலால் மூலையில் எண் போட்டுவிடுங்கள். பைண்டருக்குக் கதை தெரியாது. ஒரு வால்யூம் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போனால் விரியாது, முதுகு உடையும். தையல் ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டர் உள்ளே வரட்டும். அதற்கும் குறைந்தால் நொறுங்கும் தாள் நூலிலேயே அறுந்துவிடும், கூடினால் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். கிழித்த பக்கத்தில் ஓரமே இல்லையென்றால், உள்விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அகல வெள்ளைத்தாள் பட்டி ஒட்டி, அந்தப் பட்டியில் தைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, "மூணு பக்கமும் கட்டிங் போடாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். வழக்கமாக மெஷினில் விளிம்பை வெட்டிவிடுவார்கள், பழைய தாளில் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

வீட்டிலேயே செய்வதானால் நூறு கிராம் மைதாவுக்கு அரை லிட்டர் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிண்டுங்கள். பூச்சிக்காக ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது. மயில்துத்தம் சேர்த்த பசை அட்டைக்கும் அதன் மேல் ஒட்டும் காலிகோ துணிக்கும் மட்டும், உள்தாளுக்கு வேண்டாம். இராமபாணப் பூச்சி மாவுப்பசையைத் தேடித்தான் வரும். பசையை அள்ளிப் பூசுவதும் ஈரம் காயாமல் அடுக்குவதும் அதை விருந்துக்கு அழைப்பதுதான். ஒட்டியதும் பலகை வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். டிரங்குப் பெட்டியில் திரும்ப வைக்கும்போது தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

களக்காடு வாசகி: காசு கொடுத்து வாங்காமல் இந்த நாவல்களை வாசிக்க எங்கே போவது?

பதில்: உங்கள் ஊர் கிளை நூலகத்துக்குத்தான். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும், நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் வசூலாகிறது. அதாவது நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். மாத நாவல்கள் பல, பின்னால் இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கெட்டி அட்டையில் வரும். அதனால் இதழ் மேஜையில் மட்டும் தேடாமல் நாவல் அலமாரியிலும் ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுங்கள். அங்கே இல்லாதவற்றுக்கு, வேண்டிய ஆசிரியர் பெயர்களை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் போகும்போது மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள், அங்கே அலமாரிகள் அதிகம்.