கணவரின் மறைவுக்குப் பின் பெயர் மாற்றம்: எதை முதலில் செய்வது?

கேள்வி: திருமணத்துக்குப் பிறகு என் அடையாள ஆவணங்கள் அனைத்திலும் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டேன். அவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. பழைய பெயருக்கே திரும்ப விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துணைவரின் மறைவால் உங்கள் சட்டப்பூர்வப் பெயர் தானாக மாறிவிடுவதில்லை. அவர் பெயரோடு வாழ்நாள் முழுவதும் தொடர்வதற்கும் தடையில்லை என்பதால், இதில் அவசரம் காட்டத் தேவையில்லை.

உண்மையில், தள்ளிப்போடுவதே பல நேரங்களில் நல்லது. குடும்ப ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, வங்கி வைப்பு, சொத்துரிமை ஆகியவற்றின் பதிவேடுகளில் மனைவி என்றும் வாரிசு என்றும் இருப்பது உங்கள் இப்போதைய பெயர்தான். கோரிக்கைகள் நிலுவையில் இருக்கும்போது அடையாள அட்டையை மாற்றினால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் மெய்ப்பிக்க வேண்டிவரும். ஆகவே, வரவேண்டியவை வந்து சேர்ந்த பிறகு பெயரைத் தொடுங்கள்.

நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரான்சில் பிறப்புப் பெயரே என்றும் சட்டப்பூர்வப் பெயர். கணவரின் பெயர் அன்றாடப் பயன்பாட்டுக்கான பெயராக மட்டுமே சேர்கிறது. ஜெர்மனியில், துணையை இழந்தவர் குடிமைப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்துப் பழைய பெயரை மீட்டுக்கொள்ளலாம். வேறு சில நாடுகளில் உறுதிமொழிப் பத்திரமோ அரசிதழ் அறிவிப்போ கேட்பார்கள்.

இறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது கணவர் மறைந்ததைச் சொல்லுமே தவிர, உங்களுக்கு முன்பு வேறு பெயர் இருந்ததைச் சொல்லாது. பழைய பெயரைப் பிறப்புச் சான்றிதழும், அது மாறிய காரணத்தைத் திருமணச் சான்றிதழும் காட்டுவதால், மூன்றும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும். இவற்றில் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தாலும் அதை முதலில் திருத்திவிடுங்கள்.

மற்ற ஆவணங்களுக்கு ஆதாரமாகக் கேட்கப்படும் தேசிய அடையாள அட்டையை முதலிலும், வங்கிக் கணக்கை அதன் பிறகும் மாற்றுங்கள். கையொப்பத்தில் கணவரின் முதலெழுத்து இருந்தால், வங்கியில் மாதிரிக் கையொப்பத்தையும் புதுப்பிக்க வேண்டும். பயணம் திட்டமிட்டிருந்தால் கடவுச்சீட்டை அது முடிந்த பிறகு மாற்றலாம். விமானச் சீட்டிலும் விசாவிலும் உள்ள பெயர் கடவுச்சீட்டோடு ஒத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் சான்றிதழ்களில் தாயின் பெயராக உள்ளது பழையபடியே இருக்கும் என்பதால், பெயர் மாற்ற ஆணையின் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றை அவர்களிடமும் கொடுத்துவையுங்கள்.