கேளுங்க, சொல்றேன்: முதலியார் கட்டின பாலம்

கேள்வி: திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து பாளைக்குப் போற ஆத்துப்பாலத்துக்கு சுலோசன முதலியார் பாலம்னு பேர். யார் அவர், எஞ்சினியரா? அது லண்டன் பாலத்தோட காப்பினு எங்க மாமனார் சொல்றார், நிஜமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: எஞ்சினியர் இல்லம்மா, கலெக்டர் கச்சேரியில சிரஸ்தார், அதாவது கலெக்டருக்குக் கீழ ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கிற தலைமை குமாஸ்தா மாதிரி. 1840 வாக்குல தாமிரபரணியைத் தாண்டணும்னா படகுதான் கதி, ஆத்துல தண்ணி ஏறிட்டா திருநெல்வேலி வேற தேசம் பாளையங்கோட்டை வேற தேசம். தாம்சன்னு ஒரு கலெக்டர் பாலம் கட்டியே தீரணும்னு கிளம்புறார், ஹார்ஸ்லினு ஒரு கேப்டன் பிளான் போட்டுக் குடுக்கிறார், செலவு கிட்டத்தட்ட 50,000 ரூபாய், அந்தக் காலத்து அம்பதாயிரம்! ஊர்ல வசூல் பண்ணுவோமானு யோசிச்சிட்டு இருக்கும்போது முதலியார் போய் முழுசையும் நானே தர்றேன்னுட்டார்னு சொல்வாங்க. வீட்டம்மா நகையை வெள்ளித் தட்டுல வச்சுக் கொண்டுபோய் கலெக்டர் முன்னாடி நீட்டினாராம். தட்டு வெள்ளியா பித்தளையாங்கிறதை எல்லாம் நான் நோண்டப் போறதில்ல, கையை விட்டுப் பணம் போட்ட மனுஷன் பேர்ல பாலம் நிக்குது, அது போதும். 1843ல திறந்தாங்க.

உங்க மாமனார் சொன்னதும் சரிதான். தேம்ஸ் ஆத்து மேல 1817ல திறந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துப் போட்ட டிசைன் இது. அதுக்கு 9 வளைவு, நம்மளுக்கு 11. இதுல தமாஷ் என்னன்னா அந்த ஒரிஜினல் தூண் இறங்கி விரிசல் விட்டு 1930கள்ல இடிச்சே போட்டாங்க, இப்ப அங்க நிக்கிறது வேற புதுப்பாலம், காப்பி அடிச்ச நம்மாளு மட்டும் இன்னும் டவுன் பஸ்ஸைத் தாங்கிட்டு இருக்கார். சும்மா ஒண்ணும் நிக்கல, 1869 வெள்ளத்துல சில வளைவு அடிச்சுட்டுப் போய் திரும்பக் கட்டினாங்க, பிற்பாடு வண்டி பெருகவும் ஒரு பக்கமா ஒட்டுப்போட்டு அகலப்படுத்தினாங்க, அதனால மேல பஸ்ல போனா ஒண்ணும் தெரியாது, ஆத்துக்குள்ள இறங்கி நின்னு பார்த்தாத்தான் அந்தப் பழைய வளைவோட அழகு கண்ணுல படும். 2023 டிசம்பர்ல குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிப்போச்சே, அந்த வெள்ளத்தையும் பார்த்தாச்சு.

கேள்வி: அப்ப ரெட்டை மாடிப் பாலம்னு சொல்றது இதைத்தானா?
- ஒரு கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: இல்ல தம்பி, அது திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம். ஜங்ஷன் பக்கத்துல ரயில் தண்டவாளத்துக்கு மேல போறது, 1970கள்ல வந்தது. ஆத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. நெல்லைக்காரங்க முன்னாடி மாத்திச் சொல்லிராதீங்க, நான் ஒருதடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.